மெம்பரேனுக்குப் போட்ட புளி

எங்கள் ஊர்க் குடிநீர் நிலையத்துக்கு நான்தான் ஆபரேட்டர். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் வந்து ஏரிக்கரைத் திருப்பத்தில் இறங்கினால், நீலப் பெயின்ட் அடித்த தகர ஷெட் ஒன்று தெரியும். அதன் சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். ப்ளஸ் டூ முடித்தவள், மீட்டர் பார்த்து எழுதத் தெரிந்தவள், வாய் கொஞ்சம் நீளமானவள். முதல் இரண்டுக்காக என்னை வேலைக்கு எடுத்தார்கள். மூன்றாவது, எடுத்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

எங்கள் போர் தண்ணீர் குழாயில் வரும்போது பளிச்சென்றுதான் இருக்கும். குடத்தில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகும். மறுநாள் பார்த்தால் அடியில் செங்காவி படிந்திருக்கும். அது இரும்பு. தொட்டிச் சுவரில் கறுப்பாகப் பிடிப்பது மாங்கனீஸ். ஈயம் கண்ணுக்கே தெரியாது. பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த தாளில் ஈயம் என்ற வரிக்கு நேராகச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஏரிக்கரை ஓரம் முன்பு யாரோ பழைய பேட்டரிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் இருக்கலாம் என்றார்கள். இது போதாதென்று ஏரியில் மக்கிய கோரையும் இலையும் கரைந்து தண்ணீரில் ஒரு டீத்தூள் சாயம் ஏறும். தாளில் அதற்குக் கரிமப் பொருள் என்று பெயர். ஊரில் அதற்குப் பாசி நாத்தம் என்று பெயர்.

இதையெல்லாம் பிடித்து நிறுத்துவது மெம்பரேன். ஆள் நீளக் குழாய்க்குள் பாயைச் சுருட்டி வைத்ததுபோல் மெல்லிய தாளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். முதலில் மணல் தொட்டி, அடுத்து கரித் தொட்டி, அதன் பிறகு பிரஷர் பம்ப். பம்ப் தள்ளும் வேகத்தில் நல்ல தண்ணீர் தாளைத் தாண்டி நடுவில் உள்ள குழாய்க்கு வந்துவிடும். தாண்ட முடியாததெல்லாம் கழிவுக் குழாயில் வெளியே போகும். போகாமல் தாளிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதை அவ்வப்போது கழுவி எடுக்க வேண்டும்.

எனக்குத் தண்ணீர் அனுப்புபவர் தொட்டி ஆபரேட்டர். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுவது, தெருத் தெருவாக வால்வு திருப்புவது, எல்லாம் அவர்தான். அறுபதை நெருங்குகிறவர். ஒரு முழ நீள இரும்பு வால்வு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நடப்பார். எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. மெஷின் தண்ணீரை அவர் வாயில் வைக்கமாட்டார்.

"சப்புன்னு கீது. செத்துப்போன தண்ணி. நான் பொறந்ததுலேர்ந்து போர் தண்ணிதான் குடிச்சிக்கினு கீறேன். இன்னா ஆயிட்டேன்?" என்று என் ஷெட் வாசலில் நின்று, வரிசையில் இருக்கிறவர்கள் காதில் விழும்படி சொல்வார்.

"உள்ள இன்னா ஆயிருக்குதுன்னு அறுத்துப் பாத்தாத்தாண்ணா தெரியும்" என்பேன். வரிசை சிரிக்கும். அவர் சாவியைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

ஊரில் இரண்டு போர் உண்டு. ஒன்று பள்ளிக்கூடத்துப் பக்கம் மேட்டில் இருப்பது. இன்னொன்று ஏரிப் போர். ஏரிப் போர் தண்ணீர் மாட்டுக்கும் துணி துவைக்கவும் மட்டும்தான். அதை மெஷினுக்கு விடவே கூடாது, விட்டால் மெம்பரேன் அடைத்துக்கொள்ளும் என்று சர்வீஸ் கம்பெனிப் பெண் எழுதியே ஒட்டியிருந்தாள். ஒரு கோடையில் மேட்டுப் போர் மோட்டார் எரிந்துபோனபோது, ஊர் காய்கிறதே என்று இவர் ஏரிப் போரைத் திருப்பி விட்டுவிட்டார். அரை நாள்தான். ஆனால் ஊர் அதை மறக்கவில்லை. நானும் மறக்க விடவில்லை.

ஆடி மாதம் வந்தது. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். போர் தண்ணீரில் காய்ச்சினால் இரும்பு பட்டுக் கேழ்வரகுக் கூழ் மை மாதிரி கறுத்துப்போகும். முந்தின வருஷம் முதல்முறையாக என் தண்ணீரில் காய்ச்சினார்கள். கூழ் நல்ல நிறமாக வந்ததைப் பார்த்து, என்னோடு பேசாதவர்கள்கூட இரண்டாவது சொம்பு வாங்கினார்கள். அந்தப் பெருமை எனக்கு ஒரு வருஷம் தாங்கியது. இந்த வருஷமும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் டிரம்களை நிரப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமையே குழாயில் தண்ணீர் நூலாக இறங்க ஆரம்பித்தது. வாலாஜாபாத்தில் இருக்கும் சர்வீஸ் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"இரும்பு புடிச்சிருக்கும் அக்கா. ஆசிட் வாஷ் பண்ணணும். நான் செவ்வாக்கெழமதான் பவுடர் கொண்டாருவேன். அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க" என்றாள்.

"இன்னா பவுடர் அது?"

"சிட்ரிக் ஆசிட்கா. எலுமிச்ச உப்புன்னு மளிகைக் கடையில விப்பாங்களே, அதேதான். ஆனா நமக்குக் கிலோக் கணக்குல வேணும்."

உத்திரமேரூர் பஜாரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். எங்கே போனாலும் விரல் அளவு பாக்கெட்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். இரும்புக் கறையை எடுக்கப் புளிப்பு வேண்டும். எலுமிச்சையும் புளிப்பு, புளியும் புளிப்பு. பித்தளைக் குடத்தையும் குத்துவிளக்கையும் பளபளவென்று ஆக்குவது எது? எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குண்டானில் காவி ஏறினால் நான் எதைப் போட்டுத் தேய்க்கிறேன்? பிறந்ததிலிருந்து கைகண்ட மருந்தை வீட்டில் வைத்துக்கொண்டு பவுடருக்கு அலைகிறேனே என்று என்மேல் எனக்கே கோபம் வந்தது.

வருஷத்துக்கு வாங்கி உப்புப் போட்டுப் பானையில் அடைத்து வைத்திருந்த புளி, மூன்று கிலோ. அத்தனையையும் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்தேன். கொட்டை, நார் எதுவும் இருக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டினேன். அவர் கொத்தனார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் அடுப்படியில் எட்டிப் பார்த்து, "ஊருக்கே ரசமா?" என்றார். சும்மா போங்க என்று விரட்டினேன். சனிக்கிழமை காலையில் அதை மெஷினின் கழுவும் தொட்டியில் ஊற்றி, சர்வீஸ் பெண் கழுவுவதைப் பார்த்திருந்தபடியே வால்வுகளைத் திருப்பி ஒரு மணி நேரம் சுற்ற விட்டேன்.

கழிவுக் குழாயில் செக்கச் செவேலென்று தண்ணீர் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல தண்ணீர் விட்டு அலசி, மீட்டர் வைத்துப் பார்த்து, குடித்தும் பார்த்தேன். புளிப்பே இல்லை. குழாயிலும் வேகம் கூடியிருந்தது. டிரம்கள் நிறைந்தன. ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்த்தார்கள், நிறம் நன்றாகவே இருந்தது. சர்வீஸ் பெண்ணுக்கு ஒரு பாடம் எடுக்க வேண்டும் என்று மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டே இரண்டு சொம்பு குடித்தேன்.

திங்கட்கிழமை மறுபடி நூலாக இறங்கியது. செவ்வாய்க்கிழமை காலையில் பிரஷர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய் நின்றது, குழாயில் சொட்டு இல்லை. ஷெட்டுக்குள் ஒரு புளித்த வாடை. கழுவும் தொட்டியின் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று சளி மாதிரி ஒட்டியது. மோந்து பார்த்தேன். பழைய ரசம்.

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு வருகிறேன் என்ற சர்வீஸ் பெண்ணுக்கு வேறு ஊரில் வேலை இழுத்துக்கொண்டது. போனில்தான் பேசினாள். பஞ்சாயத்து ஆபீசில் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்டோம். தலைவர் ஒரு அம்மா. ஆனால் அவர் நாற்காலியில் உட்காருவார், பேசுவது அவருடைய வீட்டுக்காரர்.

"வழவழன்னு இருக்குதா? அப்பன்னா அது இரும்பு இல்ல சார். பாசி, சேறு மாதிரி ஏதோ உள்ள போயிருக்குது. ஏரிப் போர் தண்ணி விட்டாங்களான்னு கேளுங்க" என்றாள் அவள்.

எல்லோரும் தொட்டி ஆபரேட்டரைப் பார்த்தார்கள். அவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் போட்ல" என்றார்.

"போன தபாவும் மொதல்ல அப்பிடித்தான சொன்னே?" என்றார் தலைவரின் வீட்டுக்காரர். "கூழ் ஊத்துற பேஜார்ல எதையோ திருப்பிட்டு, இப்ப போட்லன்றே. வயசாயிடுச்சி, போதும். அடுத்த செவ்வாக்கெழம அந்தப் பொண்ணு புது மெம்பரேன் கொண்டாருது. அதுக்குள்ள நீ பொறுப்ப ஒப்படைச்சிடு."

யாரிடம் ஒப்படைப்பது என்பதும் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தலைவர் அம்மாவின் தம்பி ஒருவர் வேலையில்லாமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதை அந்த வாரம் முழுக்க எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை. சொன்னால் சாவி போகும். சாவி போனால் பழையபடி நாற்று நடவும் செங்கல் சூளையும்தான். அந்த ஷெட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேனா பிடித்து, ஊர் என்னை ஆபரேட்டர் என்று கூப்பிடுவதை விட்டுவிட எனக்கு மனசில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் என் வாசலில் வந்து பேசிய பேச்சுக்கு இது வேண்டியதுதான் என்றும் ஒரு ஓரத்தில் தோன்றியது.

வீட்டில் புளி இல்லை. கடையில் போய் வாங்கினால் எல்லாப் புளியும் எங்கே போனது என்று கேட்பார்களோ என்று பயம். குழம்பில் தக்காளியை அள்ளிப் போட்டுச் சமாளித்தேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்தாளு மூஞ்ச பாத்தியா நீ?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஊர் மறுபடி போர் தண்ணீருக்குப் போனது. கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் கேன் வாங்கினார்கள். மற்றவர்கள் வேட்டித் துணியைக் குழாயில் கட்டிப் பிடித்தார்கள். துணி காவியாவதைப் பார்த்து, தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ஈயம் துணிக்கு நிற்காது என்று நான் வாசலில் நின்று கத்தினேன். மெஷின்தான் ஓடவில்லை, வாய் ஓடுகிறது என்றார் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். வெளியே பேச்சுக் குரல் கேட்டது. தொட்டி ஆபரேட்டர் புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து வால்வுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். புது ஆள் செல்போனைப் பார்த்தபடி நின்றார். இவர் குழிக்குள் இறங்கி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்த மட்டும் எடது பக்கம் திருப்புனாத்தான் மூடும். மத்ததுக்கெல்லாம் வலது பக்கம். கொயம்பிடாத. காலீல அஞ்சு மணிக்கெல்லாம் மோட்டார் போட்டுடு. அந்தம்மா மெஷினுக்கு ஏழு மணிக்குள்ள தொட்டி ரொம்பணும். இல்லன்னா பாவம், வரிசையில நிக்கிறதுங்க அதைத்தான் திட்டும்."

துடைப்பத்தைப் பிடித்தபடி உள்ளேயே நின்றுவிட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இன்னும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். தலைவர் அம்மா, அவர் வீட்டுக்காரர், எழுத்தர், மூவரும் இருந்தார்கள். தொட்டி ஆபரேட்டர் வால்வு சாவியை ஒப்படைக்க வந்து சுவரோரம் நின்றிருந்தார். சாவியைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஏரிப் போர யாரும் போடல. நான்தான் புளி ஊத்திட்டேன்" என்றேன்.

"இன்னாது?"

"புளி. கரைச்சி வடிகட்டி மெம்பரேனுக்கு ஊத்திட்டேன். இரும்பு போவட்டும்னு."

தலைவரின் வீட்டுக்காரர் முதலில் முறைத்தார், பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எழுத்தர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். ஆபீசில் வாயே திறக்காத தலைவர் அம்மா அன்றைக்குத்தான் பேசினார்.

"எத்தினி கிலோ?" என்று கேட்டார்.

"மூணு கிலோம்மா."

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். சுவரோரத்திலிருந்து நகர்ந்து என் முன்னால் வந்தார்.

"புளியாலதான் கெட்டுச்சின்னு உனக்கு என்னிக்கித் தெரியும்?"

"செவ்வாக்கெழம காலீலயே தெரியும்ணா."

அவர் கையை விரித்து ஒவ்வொரு விரலாக மடக்கினார். "செவ்வா, புதன், வியாயன், வெள்ளி, சனி, நேத்து ஞாயித்துக்கெழம." ஒரு கை போதாமல் இன்னொரு கையின் கட்டை விரலையும் மடக்கினார். "ஆறு நாளு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சிம்மா" என்றார். "ஒருவேள நாந்தான் திருப்பிட்டு மறந்துட்டனோ, புத்தி கலங்கிப்போச்சோன்னு என் பொண்டாட்டியாண்ட சொல்லி அய்தேன்."

சாவியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர் விடும் நேரம் ஆகிவிட்டது என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவரை யாரும் தடுக்கவில்லை. என் சாவியையும் யாரும் கேட்கவில்லை. மீட்டர் பார்க்கத் தெரிந்த வேறு ஆள் ஊரில் இல்லை என்பதுதான் காரணம். இனிமேல் சர்வீஸ் ஆளைக் கேட்காமல் ஒரு சொட்டு எதுவும் ஊற்றமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் சர்வீஸ் பெண் வந்தாள். பழைய மெம்பரேனை உருவி வெளியே போட்டு, ரம்பத்தால் இரண்டு முனையையும் அறுத்து, ஊர் பார்க்கச் சிமென்ட் தரையில் விரித்தாள். பழசை அறுத்துப் பார்க்கப்போவதாக அவள் போனிலேயே சொல்லியிருந்தாள், அதனால் எனக்கு முன்பே தெரியும். அறுக்கமாட்டார்கள் என்றால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். பதில் தெரியவில்லை.

தாளின் மேலே பழுப்பாகச் சளி. நாற்றம் தாங்காமல் கூட்டம் மூக்கைப் பொத்தியது.

"புளிப்பு இரும்பக் கரைச்சது உண்மைதான் அக்கா. ஆனா புளியில சதையும் இருக்குதே. அதுவும் கரிமப் பொருள்தான். எதை வராம தடுக்கணும்னு மெஷின் வெச்சிருக்கோமோ, அதையே கொண்டாந்து ஊட்டிட்டீங்க" என்றாள் அவள்.

தண்ணீரை ஊற்றி அந்தச் சளியை வழித்துத் தள்ளினாள். புளி எட்டாத இடங்களில் அடியில் இருந்தது தெரிந்தது. செங்காவி நிறத்தில் தடித்த படிவம், நடுநடுவே கறுப்புத் திட்டுகள். தொட்டி ஆபரேட்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குந்தினார். நகத்தால் சுரண்டி, விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது அத்தினியும் நம்ம தண்ணியில கீறதா?"

"ஆமாய்யா."

"அந்த ஈயம்ன்றாங்களே, அது எங்க?"

"அதுல பாதி கழிவுல போயிருக்கும், பாதி இதுலயே இருக்கும். கண்ணுக்குத் தெரியாதுய்யா."

அவர் விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று அவரிடம் நான் அடித்த கிண்டல் எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

புது மெம்பரேன் போட்டு, ஒரு மணி நேரம் தண்ணீரை வெளியே விட்டு, மறுநாள் காலையில் குழாயைத் திறந்தேன். வரிசை ரோடு வரைக்கும் இருந்தது. அவரும் அதில் நின்றிருந்தார். தோளில் வால்வு சாவி, கையில் எவர்சில்வர் குடம். அந்த வரிசையில் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் முறை வந்ததும் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைக்காமல் என்னிடம் நீட்டினார். வாங்கி நிரப்பினேன். மன்னிச்சிக்கங்கண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மொதல்ல நீ குடி" என்றார்.

வரிசை கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நான் டம்ளரில் பிடித்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, முழுதாகக் குடித்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு குடத்தைத் தூக்கி இன்னொரு தோளில் வைத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு ஒரு நாளும் மோட்டார் தாமதமானதில்லை, ஏழு மணிக்கு என் தொட்டி நிறைந்துவிடும். அவரும் தினம் குடத்தோடு வருகிறார். வரிசையில் இப்போது யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது. நானும் அவர் சொல்லும்வரை காத்திருப்பதில்லை. அவரைக் கண்டதும் டம்ளரை எடுத்துக் குழாயில் பிடிக்கிறேன். இன்று காலையும் குடித்தேன்.